வாசலில் வந்து நின்ற நர்ஸ்

1862. இங்கிலாந்தின் மான்செஸ்டரும் அதை ஒட்டிய சால்ஃபோர்டும் பஞ்சாலைப் புகையில் மூழ்கிக் கிடந்தன. ஆலைத் தொழிலாளர் குடியிருந்த சந்துகளில் பிறந்த குழந்தைகள் பலர் முதல் பிறந்தநாளைக் காணாமலே போய்ச் சேர்ந்தார்கள். இதைப் பார்த்துப் பொறுக்காத வசதி படைத்த பெண்கள் சிலர் கூடி ஒரு சுகாதாரச் சங்கம் தொடங்கினார்கள். வீட்டைத் துப்புரவாக வைப்பது எப்படி, கைக்குழந்தையைப் பேணுவது எப்படி என்று துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்து ஏழைகளின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். காகிதம் போய்ச் சேர்ந்தது. அதில் எழுதியிருந்தது மட்டும் யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையவில்லை.

அப்போதுதான் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய வீட்டுப் பெண்களுக்குப் பதிலாக, அந்தச் சந்துகளிலேயே வாழ்ந்த உழைக்கும் பெண்களைச் சம்பளம் கொடுத்து அனுப்பினால் என்ன? அனுப்பினார்கள். அவர்கள் கார்பாலிக் என்ற கிருமிநாசினிப் பொடியோடு போய், கதவைத் தட்டி, உள்ளே உட்கார்ந்தார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கினார்கள், அம்மாவிடம் பேசினார்கள். பிரசுரம் செய்யாததை அந்தப் பேச்சு செய்தது. பிறகு நகர நிர்வாகங்களே இப்படிப்பட்ட பெண்களை ஹெல்த் விசிட்டர் என்ற பெயரில் வேலைக்கு எடுத்தன. குழந்தை பிறந்தால் உள்ளூர்ச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும் என்பதற்கு 1907-ல் சட்டம் வந்தது, 1915-ல் அது எல்லா ஊருக்கும் கட்டாயமானது. தகவல் போனால் பின்னாலேயே ஒரு ஹெல்த் விசிட்டர் வந்துவிடுவார். ஏழை வீடு, பணக்கார வீடு என்ற பேதம் மெல்ல மெல்ல மறைந்தது. ஆனால் அட்லாண்டிக்கின் மறுகரையில், அமெரிக்காவில், எல்லா வீட்டுக்கும் பொதுவான இந்த வழக்கம் வேர்பிடிக்கவில்லை. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது ஓர் எக்ஸ்ரே படத்தில் தெரிய வரும்வரை அந்த நாடு அறியாமலே இருந்தது.

நியூயார்க்கில் குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களைப் படிப்பதில் ஜான் கேஃபி என்ற மருத்துவரை மிஞ்ச ஆள் இல்லை. 1946-ல் அவர் ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆறு பேருக்கும் மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. கை கால் எலும்புகளில் எல்லாமாகச் சேர்த்து 23 முறிவுகள். சில முறிவுகள் புதியவை, சில ஆறிக்கொண்டிருந்தவை. அதாவது ஒரே நாளில், ஒரே விழுதலில் வந்தவை அல்ல. பெற்றோரைக் கேட்டால், இந்த முறிவுகளை விளக்கக்கூடிய விபத்து எதையும் அவர்கள் சொல்லவில்லை. எலும்பை உடைக்கும் நோய் ஏதாவது உண்டா என்று தேடினால் அதுவும் இல்லை. மிஞ்சியிருந்த விடை ஒன்றே ஒன்றுதான். அதை உரக்கச் சொல்லாமல், காரணம் விளங்கவில்லை என்ற அளவில் கேஃபி நிறுத்திக்கொண்டார்.

அதைச் சொல்லப் போகிறவர் அப்போது தொற்றுநோய்களின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். ஹென்றி கெம்பி, ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில் 1922-ல் பிறந்த யூதர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-ல் நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் மருத்துவம் படித்து, குழந்தை மருத்துவரானார். பெரியம்மைதான் அவருடைய ஆராய்ச்சிப் புலம். அந்த ஆராய்ச்சி அவரை நம்முடைய மெட்ராசுக்குக் கொண்டுவந்தது. பெரியம்மை கண்ட வீட்டில் கூடவே இருந்தவர்களுக்கு, நோய் வெளிப்படும் முன்பே தடுப்பூசியோடு எதிர்ப்புச் சக்தி நிறைந்த காமா குளோபுலினையும் போட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்டவர்களைவிட இவர்களில் குறைவானவர்களுக்கே அம்மை கண்டது. மெட்ராஸ் மருத்துவர்களும் சேர்ந்து எழுதிய அந்த ஆய்வு 1961-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. நோய் தாக்கிய வீட்டில் இன்னும் நோய் தாக்காதவரைத் தேடிப் போவதே அந்த வேலையின் சாரம். அதே கெம்பி டென்வரில் தலைமை ஏற்றிருந்த குழந்தைகள் பிரிவில் எந்தத் தடுப்பூசிக்கும் அடங்காத ஒன்று வந்து படுத்திருந்தது.

உடைந்த எலும்போடும் வீங்கிய தலையோடும் வந்த பிள்ளைகளுக்கு இளம் டாக்டர்கள் அபூர்வமான எலும்பு நோய், ரத்த நோய் என்று என்னென்னவோ பெயர் எழுதினார்கள். பெற்றவர்களே அடித்திருப்பார்கள் என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. கெம்பிக்குக் கோபம் வந்தது. நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு எழுதிக் கணக்குக் கேட்டார். 71 மருத்துவமனைகள் சொன்ன பதிலைக் கூட்டினால் ஒரே ஆண்டில் 302 குழந்தைகள். அவர்களில் 33 பேர் இறந்துபோனார்கள், 85 பேருக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 1962 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கெம்பியும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை வெளியானது. அடிபட்ட குழந்தையின் நோய்க்குறி என்று அதற்கு வேண்டுமென்றே அதிர வைக்கும் தலைப்பை வைத்திருந்தார்கள். நாடு அதிர்ந்தது.

அடுத்த ஐந்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்தது. சந்தேகம் எழுந்தால் டாக்டர் புகார் செய்தாக வேண்டும். புகார் சொல்லத் தனித் தொலைபேசி எண்கள் ஏற்படுத்தப்பட்டன. 1974-ல் சுமார் 60,000 ஆக இருந்த புகார்கள் 1980-ல் 10 லட்சத்தைத் தாண்டின. புகார் கொடுப்பதும் விசாரிப்பதும் அவசியமான வேலைகள்தாம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த 10 லட்சத்தில் ஒவ்வொரு புகாரும் ஒரு குழந்தை அடிபட்ட பிறகு, பட்டினி கிடந்த பிறகு, அல்லது அப்படி ஒரு சந்தேகம் எழுந்த பிறகு வந்தது. அடிக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் யார் போவது?

கெம்பியின் பார்வை பிரிட்டனின் ஹெல்த் விசிட்டர் மீது விழுந்தது. டென்வரில் அவருடைய குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பிரசவத்துக்கு வந்த 350 தாய்மாரைக் கவனித்து, பிள்ளை வளர்ப்பதில் திணறக்கூடும் என்று தோன்றிய 100 பேரைப் பிரித்தெடுத்தார்கள். 50 பேருக்கு ஒரே குழந்தை மருத்துவர், வீட்டுக்கு வரும் நர்ஸ், ஆறுதலாகப் பேச ஒரு துணை என்று ஏற்பாடு. மற்ற 50 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பின்னால் கணக்குப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளில் ஐந்து பேர் பலத்த காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். துணை கிடைத்த வீடுகளில் ஒருவரும் இல்லை. பிரிட்டனில் இருப்பதைப் போல ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் ஒருவர் போக வேண்டும் என்று கெம்பி மேடைகளில் பேசத் தொடங்கினார். சந்தேகப்பட்ட வீட்டுக்கு மட்டும் போனால் அது போலீஸ் வருகையாகிவிடும், எல்லா வீட்டுக்கும் போனால் யாருக்கும் தலைகுனிவில்லை. ஆனால் நூறு தாய்மாரின் கணக்கைக் கொண்டு ஒரு நாட்டின் கஜானாவைத் திறக்க முடியாது. வலுவான சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சியைத் தேடிப் புறப்பட்டவர் மருத்துவரே அல்ல.

டேவிட் ஓல்ட்ஸ் 1970-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும் பால்டிமோரின் ஏழ்மை மிகுந்த ஒரு பகுதியில், தேவாலயத்தின் நிலவறையில் இயங்கிய குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல பள்ளிப் பாடம், அன்பான ஆசிரியர், அதிலேயே இந்தப் பிள்ளைகள் தலைநிமிர்ந்துவிடுவார்கள் என்று நம்பி வந்த இளைஞர். அங்கே நான்கு வயதுப் பையன் ஒருவனுக்குப் பேச்சு வரவில்லை. உறுமலும் குரைப்புமாக ஒலி எழுப்பினான். அவன் தாய் கர்ப்பமாக இருந்தபோது குடியிலும் போதையிலும் இருந்தவள். இன்னொரு பையன் மதியத் தூக்கத்துக்கு எல்லாரும் படுத்தாலும் கண்ணை மூட மறுத்தான். காரணம் பிறகு தெரிந்தது. இரவில் படுக்கையை நனைத்தால் அம்மா அடிப்பாள். தூங்கினால்தானே நனையும் என்று பிஞ்சு மனம் கணக்குப் போட்டிருந்தது. நான்கு வயதுக்குக் காத்திருந்தது ரொம்பத் தாமதம் என்று ஓல்ட்ஸுக்கு உறைத்தது. அப்படியானால் எப்போது தொடங்குவது?

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அவருக்கு வாய்த்த ஆசிரியர் யூரி பிரான்ஃபென்பிரென்னர். குழந்தையைத் தனியாகப் பார்க்காதே, அதைச் சுற்றியுள்ள வீடு, தெரு, ஊர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்று சொல்லிவந்தவர். ஓல்ட்ஸ் தம்முடைய கேள்விக்குப் பதிலைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனார். நான்கு வயதுக்கு முன்னால், பேச்சு வரும் முன்னால், பிறக்கும் முன்னால். தாயின் வயிற்றில் இருக்கும்போதே போக வேண்டும். போவது யார்? சமூக நல ஊழியர் போனால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போக வந்தவர் என்று தாய் கதவைச் சாத்துவாள். முதல் கர்ப்பத்தில் இருக்கும் பதினேழு வயதுப் பெண்ணின் மனத்திலோ நூறு பயம். கால் ஏன் வீங்குகிறது, வலி எப்படி இருக்கும், குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் நர்ஸ். நர்ஸ் வந்தால் கதவு திறக்கும். இதை நிரூபிக்க ஓர் ஊர் தேவைப்பட்டது.

நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா, மார்க் ட்வைன் கோடைகாலங்களில் தங்கி எழுதிய அழகான ஊர். 1972-ல் ஆக்னஸ் புயலின் வெள்ளம் ஷெமங் நதி வழியாக வந்து அந்த ஊரைக் குலைத்துப் போட்டது. பின்னாலேயே வேலைவாய்ப்பும் சரிந்தது. குழந்தைகள் துன்புறுத்தப்படும் விகிதத்தில் அந்த வட்டாரம் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்தது. இந்த ஊரில்தான் 1970-களின் இறுதியில் ஓல்ட்ஸ் கடை விரித்தார். முதல் பிள்ளையைச் சுமந்த 400 பெண்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பதின்வயதினர், மணமாகாதவர்கள், அல்லது ஏழைகள். ஆனால் நர்ஸ் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார். நர்ஸ் வந்ததால்தான் மாற்றம் வந்தது என்று காட்ட வேண்டுமானால், நர்ஸ் வராத வீடுகளும் வேண்டும். யாருக்கு எது என்பதை யாருடைய இரக்கமும் தீர்மானிக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு பெண்ணும் ஒரு சீட்டுக் கட்டிலிருந்து தானே ஒரு சீட்டை எடுத்தாள். சிலருக்குக் குழந்தையின் வளர்ச்சிச் சோதனை மட்டும். சிலருக்கு அதோடு மருத்துவமனைக்குப் போய்வர இலவச டாக்சி. சிலருக்குப் பிரசவம் வரை நர்ஸ். சிலருக்குக் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரை நர்ஸ். ஒரு சீட்டில் இரண்டு உயிர்களின் போக்கு அடங்கியிருந்தது.

நர்சுகள் புறப்பட்டார்கள். கர்ப்ப காலத்தில் சராசரியாக 9 முறை, பிறந்த பிறகு இரண்டு ஆண்டுகளில் 23 முறை. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கும் மேல். சிகரெட்டைக் குறைக்கப் பேசினார்கள். குழந்தை விடாமல் அழுவது அம்மாவை வேண்டுமென்றே சோதிக்க அல்ல, அதற்குப் பசி இருக்கலாம், வயிற்று வலி இருக்கலாம் என்று விளக்கினார்கள். அடுத்த பிள்ளை எப்போது, படிப்பை முடிப்பதா, வேலைக்குப் போவதா என்று அந்தப் பெண்ணே யோசிக்க உதவினார்கள். அவர்கள் செய்ததில் என்னைப் பெரிதும் கவர்ந்தது இன்னொன்று. தாய் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வராமல், அவளுடைய அம்மாவையும் காதலனையும் தோழியையும் கூட உட்கார வைத்துப் பேசினார்கள். பிரசவ வலியின்போது கூட யார் இருப்பார், ராத்திரியில் பிள்ளையை யார் மாற்றிப் பிடித்துக்கொள்வார் என்று கேட்டுக் கேட்டு, நர்ஸ் போன பிறகும் நிற்கக்கூடிய ஒரு வட்டத்தை அந்த வீட்டைச் சுற்றி உருவாக்கினார்கள். ஊரில் உள்ள மருத்துவமனை, உணவு உதவி, சட்ட உதவி எல்லாவற்றுக்கும் வழி காட்டினார்கள். பாட்டியும் அத்தையும் சூழ்ந்திருந்த காலத்தில் இதெல்லாம் தானாக நடந்தது. எல்மைராவின் பதினேழு வயதுத் தாய்க்கு அந்தச் சுற்றம் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஓல்ட்ஸ் அரசுப் பதிவேடுகளைத் திறந்தார்.

1986-ல் முடிவு அச்சானது. ஏழையாக, மணமாகாதவராக, பதின்வயதினராக இருந்த தாய்மாரில் நர்ஸ் வராத 100 வீடுகளுக்கு 19 வீடுகளில் துன்புறுத்தலோ புறக்கணிப்போ உறுதியாகியிருந்தது. நர்ஸ் இரண்டு ஆண்டும் வந்தவர்களில் 4. கேட்டதும் கைதட்டத் தோன்றும். புள்ளியியல் கைதட்டவில்லை. அந்தக் குறிப்பிட்ட பிரிவில் இருந்த தாய்மார் கொஞ்சம் பேர்தான். நர்ஸால் எந்த மாற்றமும் வரவில்லை என்றாலும் இவ்வளவு வித்தியாசம் வெறும் தற்செயலாகத் தோன்ற நூற்றுக்கு 7 வாய்ப்பு இருந்தது. ஆய்வுலகம் ஏற்பது 5 வரைதான். மயிரிழையில் தப்பிப்போன வெற்றி. போதாக்குறைக்கு, நர்ஸ் வருவது நின்ற பிறகு அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரு தரப்பிலும் புகார் விகிதத்தில் வேறுபாடே தெரியவில்லை. இதற்கிடையே ஆராய்ச்சிப் பணமும் தீர்ந்தது.

உள்ளூர்ச் சுகாதாரத் துறை பொறுப்பேற்றது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம். ஒரு நர்ஸ் பார்த்த குடும்பங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானது. இரண்டு வயது வரை போன வருகை குழந்தை பிறந்த சில மாதங்களோடு நின்றது. பழைய நர்சுகள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். பெயரும் திட்டமும் இருந்தன, உயிர் போயிருந்தது. அந்த நிலையில் வேறொருவராக இருந்தால் கிடைத்த முடிவை ஊதிப் பெரிதாக்கி விற்கக் கிளம்பியிருப்பார்.

ஓல்ட்ஸ் கிளம்பவில்லை. பல இடங்களிலிருந்து திட்டத்தைக் கேட்டு வந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இல்லை என்று சொன்னார். எல்மைராவின் பெண்கள் பெரும்பாலும் வெள்ளையர், சின்ன ஊர்க்காரர்கள். பெருநகரத்துக் கறுப்பினத் தாய்மாரிடமும் இது பலிக்குமா என்று பார்க்க மெம்ஃபிஸுக்குப் போனார். அங்கே நர்ஸ் பஞ்சம், வந்தவர்கள் நடுவில் விட்டுப் போனார்கள். அப்படியிருந்தும் நர்ஸ் வந்த வீட்டுக் குழந்தைகள் காயம்பட்டும் எதையாவது விழுங்கியும் மருத்துவமனையில் கிடந்த நாட்கள் குறைந்தன. 1994-ல் கெம்பியின் டென்வரில் மூன்றாவது சோதனை. நர்சுக்குப் பதில், அந்தச் சமூகத்திலிருந்தே வந்த, பயிற்சி பெற்ற பெண்களை அனுப்பினால் செலவு குறையுமே? அனுப்பிப் பார்த்தார். பலன் இருந்தது, ஆனால் நர்ஸ் தந்ததில் பாதியளவுக்குத்தான். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே எல்மைராவின் குழந்தைகள் வளர்ந்து பதினைந்து வயதைத் தொட்டிருந்தார்கள்.

அவர்களைத் தேடிப் போனார்கள். 400 குடும்பங்களில் 324 குடும்பங்கள் கிடைத்தன. மீண்டும் பதிவேடுகள் திறக்கப்பட்டன. 1997-ல் வெளியான கணக்கு இது: நர்ஸ் வராத 100 தாய்மாருக்கு 54 என்ற வீதத்தில் துன்புறுத்தல், புறக்கணிப்புப் புகார்கள் உறுதியாகியிருந்தன. நர்ஸ் வந்த 100 தாய்மாருக்கு 29. ஏறக்குறையப் பாதி. இந்த முறை புள்ளியியலும் தலையசைத்தது. நான்கு வயதில் காணாமல் போன வித்தியாசம், மண்ணுக்கடியில் கிழங்கு பருப்பதைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து வந்திருந்தது. ஒரு கசப்பான விதிவிலக்கும் உண்டு. தாயே அடிக்கடி அடி வாங்கிக்கொண்டிருந்த வீடுகளில் நர்ஸ் வந்தும் பிள்ளைகள் காப்பாற்றப்படவில்லை. 2000-ல் அதையும் மறைக்காமல் எழுதினார்கள். இத்தனை நேர்மையாகத் தன் குறையைச் சொன்ன திட்டத்தை நாடு நம்பத் தொடங்கியது.

2010-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு இடம்பிடித்தது. கர்ப்பிணிகளையும் இளம் குழந்தைகளையும் வீட்டில் போய்ப் பார்க்கும் திட்டங்களுக்கு ஐந்தாண்டுகளில் 150 கோடி டாலர். சந்தேகமே இல்லாத வெற்றியாகத் தெரிந்தது. அதற்குள் ஓல்ட்ஸின் திட்டம் கடல் கடந்து, எந்த மண்ணில் இந்தக் கதை தொடங்கியதோ அந்த இங்கிலாந்துக்கே 2007-ல் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கேயும் யாருக்கு நர்ஸ் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து பெரிய சோதனை நடந்தது. 2015-ல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது எல்லாருக்கும் ஏமாற்றம். கர்ப்பிணிகளின் புகைப்பழக்கம், குழந்தையின் பிறப்பு எடை, இரண்டாண்டுக்குள் அடுத்த கர்ப்பம், குழந்தையின் அவசரச் சிகிச்சை, இந்த நான்கிலும் வித்தியாசம் இல்லை. மூன்று ஊர்களில் வென்றது இங்கே ஏன் தோற்றது?

பலரும் சொன்ன விளக்கத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் நர்ஸ் வராத வீடு என்றால் அங்கே யாரும் வரவில்லை என்று பொருள். இங்கிலாந்தில் சிறப்பு நர்ஸ் கிடைக்காத தாய்க்கும் மருத்துவச்சி வந்தார், ஹெல்த் விசிட்டர் வந்தார், எடை பார்த்தார், தூக்கம் வருகிறதா என்று கேட்டார். அந்தக் காலத்தில் கார்பாலிக் பொடியோடு மான்செஸ்டர் சந்துக்குள் நடந்த பெண்ணின் வாரிசு அவர். அவர் வருவது அந்த நாட்டுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்ததால், அவரும் ஒரு குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

ஓல்ட்ஸின் திட்டத்தில் ஒரு நர்சுக்கு 25 குடும்பங்களை ஒட்டியே கொடுப்பது என்பது நீண்டகால விதி. அந்த வேலைக்கு வேண்டிய முதல் பொருள் நேரம் என்பதை எல்மைரா கற்றுக்கொடுத்திருந்தது. இங்கிலாந்திலோ 2015-க்குப் பிறகு ஹெல்த் விசிட்டர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. மிஞ்சியிருப்பவர்களில் பலரிடம் நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள். எல்மைராவில் பழைய நர்சுகளை விரட்டிய அதே கணக்கை, இந்த வழக்கத்தைப் பெற்றெடுத்த நாடே இப்போது போட்டுக்கொண்டிருக்கிறது.